ஆஸ்டியோபதியில் சிறுநீர்ப்பை, இனப்பெருக்க உறுப்புச் சிகிச்சை

சிறுநீர்க் கசிவு, மாதவிடாய் வலி, கருப்பை இறக்கம், நாள்பட்ட அடிவயிற்று வலி போன்றவற்றைக் கைகளால் அழுத்தியும் நீவியும் தணிக்க முயலும் முறை ஆஸ்டியோபதியின் ஒரு பிரிவாகும்.

ஆஸ்டியோபதியை உருவாக்கியவர் அமெரிக்க மருத்துவர் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் (1828–1917). 1864இல் தம் பிள்ளைகளை மூளைக்காய்ச்சலுக்குப் பறிகொடுத்த அவர், அக்கால மருந்துகளின் மீது நம்பிக்கை இழந்தார். 1874இல் புதிய கோட்பாட்டை அறிவித்து, 1892இல் மிசௌரி மாநிலத்தின் கிர்க்ஸ்வில்லில் முதல் பள்ளியைத் தொடங்கினார். முதல் வகுப்பிலேயே பெண்களும் சேர்ந்தனர். எலும்பும் தசையும் இடம் பிசகினால் இரத்த ஓட்டமும் நரம்பும் தடைபட்டு உள்ளுறுப்புகள் நோயுறும் என்பது ஸ்டிலின் கருத்து. இதற்கு முன்பே சுவீடனில் ராணுவ அதிகாரி தூரே பிராண்ட் (1819–1895), ஒரு கையை அடிவயிற்றிலும் மறுகை விரலைப் பிறப்புறுப்பிலும் வைத்துக் கருப்பையை நீவும் முறையைப் பரப்பியிருந்தார்.

சிறுநீர்ப்பையைச் சுருக்கும் துணைப்பரிவு நரம்புகள் தண்டுவடத்தின் திருவெலும்புப் பிரிவில், இரண்டு முதல் நான்கு வரையிலான கூறுகளிலிருந்து வருகின்றன. அதைத் தளர்த்தும் பரிவு நரம்புகள் கீழ்முதுகின் மேற்பகுதிக் கூறுகளிலிருந்து இறங்குகின்றன. ஆகவே ஆஸ்டியோபதியர் திருவெலும்பு, இடுப்பு மூட்டுகள், இடுப்புத்தளத் தசைகள் ஆகியவற்றில் கவனம் செலுத்துகின்றனர். பிரான்சின் ழான்-பியேர் பரால் 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், உறுப்புகளைத் தாங்கும் இழைமங்களையே மெல்ல அசைக்கும் முறையை வகுத்தார்.

நரம்புத் தொடர்பு உண்மையே; ஆனால் அதைக் கொண்டு மட்டும் சிகிச்சையின் பயன் உறுதியாகிவிடாது. பெண்களின் சிறுநீர்த் தொல்லைகள் குறித்த சில சிறிய ஆய்வுகள் முன்னேற்றம் காட்டின. உள்ளுறுப்பு ஆஸ்டியோபதி பற்றி 2018இல் வெளியான முறையான மீளாய்வோ, அதன் நோயறியும் முறைக்கும் பலனுக்கும் நம்பத்தக்க சான்று இல்லை என முடிவு செய்தது. மாறாக, அமெரிக்க மகளிர் நோயியல் மருத்துவர் ஆர்னால்டு கீகல் 1948இல் விளக்கிய இடுப்புத்தளத் தசைப்பயிற்சி, இருமும்போதும் தும்மும்போதும் ஏற்படும் கசிவுக்கு இன்று முதல்நிலைச் சிகிச்சையாக உள்ளது.

அமெரிக்காவில் ஆஸ்டியோபதி மருத்துவர்கள் மருந்து எழுதவும் அறுவை செய்யவும் உரிமை பெற்ற முழு மருத்துவர்கள். பிரிட்டனில் 1993ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆஸ்டியோபதி கைச்சிகிச்சைக்கான தனித் தொழிலாக நெறிப்படுத்தப்பட்டது. எங்காயினும், உள்வழிப் பரிசோதனைக்கு நோயாளியின் தெளிவான ஒப்புதல் கட்டாயம் வேண்டும். சிறுநீரில் இரத்தம், காய்ச்சலுடன் விலா வலி, திடீர் நீரடைப்பு, மாதவிடாய் நின்றபின் இரத்தப்போக்கு ஆகியவை தென்பட்டால் கைச்சிகிச்சையை நாடாமல் உடனே மருத்துவப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.