சேவை வணிகத் தடைகளை அளத்தல்

வெளிநாட்டு வங்கியோ வழக்கறிஞரோ ஒரு நாட்டில் தொழில் செய்ய, அந்நாட்டு விதிகள் எவ்வளவு தடையாக நிற்கின்றன என்பதை எண்ணாக்கும் முயற்சி இது. விருத்தாசலத்துப் பீங்கான் சாமான் கப்பலேறினால், போய் இறங்கும் துறைமுகத்தில் அதற்குச் சுங்கவரி இத்தனை சதவீதம் என்று எழுதியிருக்கும். சட்ட ஆலோசனைக்கு அப்படி வரி கிடையாது. அதற்கான தடை உரிமத்திலும் குடியுரிமையிலும் இருக்கிறது.

சேவை வணிகத்துக்கான காட்ஸ் ஒப்பந்தம் 1995இல் நடைமுறைக்கு வந்தது. நாடுகள் அதில் தந்த உறுதிமொழிகளுக்குப் பொருளியலாளர் பெர்னார்ட் ஹோக்மேன் மதிப்பெண் போட்டார்: தடையில்லை என்றால் 1, நிபந்தனை இருந்தால் 0.5, உறுதியே தராவிட்டால் 0. உலக வங்கி 2012இல் 103 நாடுகளுக்குச் சேவை வணிகத் தடைச் சுட்டெண் வெளியிட்டது; பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பான ஓஇசிடி 2014இல் தன் சுட்டெண்ணை வெளியிட்டது.

இந்தக் கணக்கு எங்கே திணறுகிறது என்பதைச் சென்னை வழக்கு ஒன்று துலக்கமாகக் காட்டுகிறது. 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டப்படி, இங்கே பதிவு பெற இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். இந்தியரை அனுமதிக்கும் நாட்டினருக்கு மட்டும் விலக்கு. வெளிநாட்டுச் சட்ட நிறுவனங்கள் இந்தியாவில் தொழில் நடத்துவதாகக் கூறி, ஏ.கே.பாலாஜி என்ற வழக்கறிஞர் 2010இல் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினார். எதிர்மனுதாரர்கள் முப்பதுக்கும் மேல். 2012 பிப்ரவரி 21 அன்று தலைமை நீதிபதி எம்.ஒய்.இக்பால், நீதிபதி டி.எஸ்.சிவஞானம் அமர்வு தீர்ப்பளித்தது. அலுவலகம் போட்டுத் தொழில் செய்யக் கூடாது. ஆனால் விமானத்தில் வந்து, தம் நாட்டுச் சட்டம் பற்றி ஆலோசனை சொல்லிவிட்டுத் திரும்பலாம். மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 13 அன்று இதை இன்னும் இறுக்கியது. நீதிமன்றத்துக்கு வெளியே சொல்லும் ஆலோசனையும் தொழில்தான். எப்போதோ ஒருமுறை வந்துபோவது மட்டும் தொழிலாகாது. எத்தனை முறை வந்தால் ‘எப்போதோ’ என்பதற்குத் தீர்ப்பில் எண் இல்லை. அந்தந்த நேர்வைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஓஇசிடி சுட்டெண்ணின் கேள்விகளுக்கோ பெரும்பாலும் ஆம், இல்லை என்ற இரண்டே விடைகள். யார் வேண்டுமானாலும் சட்டப் புத்தகத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கலாம் என்பது அம்முறையை ஆதரிப்போர் வாதம். பாதித் திறப்பும் முழு அடைப்பும் ஒரே மதிப்பெண் பெற்றுவிடும் என்பது மறுப்போர் வாதம். சென்னை வழக்கு பின்னவர்களுக்கே வலுச் சேர்ப்பதாகத் தோன்றுகிறது.

2023 மார்ச்சில் இந்திய பார் கவுன்சில், வெளிநாட்டு நிறுவனங்கள் பரஸ்பர அடிப்படையில் பதிவு செய்ய விதி வகுத்தது. 2025இல் அதைத் திருத்தியது. இந்திய நீதிமன்றங்களில் வாதாட அவற்றுக்கு இன்னும் அனுமதி இல்லை.