நூற்கக் கற்றவர் வரலாறு

இவ்வாண்டு மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று தருக என்று சங்கச் செயலாளர் பணித்தபொழுது, எம் இல்லத்துக் கூடத்தில் முடிவுறாத பின்னல் வேலைகள் மூன்று கிடந்தன. திருமலையில் முடியிறக்கிய பேரக் குழந்தைக்கு மார்கழிக் குளிருக்கென ஒரு குல்லா. கழுத்தளவில் நின்றுவிட்ட ஒரு சட்டை. எவருக்காகத் தொடங்கினோம் என்பதே மறந்துபோன ஒரு சால்வை. இவை போதாவென்று, கடை நூலை நம்பியிராது நூலையும் யாமே நூற்றுப் பார்ப்போம் என்னும் ஆசையால் தக்ளி ஒன்றும் வாங்கி வைத்திருந்தோம். பத்து நாள் முயன்றும் சேர்ந்தாற்போல் ஒரு முழம் இழை வந்திலது. ஓரிடத்தில் கயிறு போலத் தடித்தும், அடுத்த இடத்தில் சிலந்தி இழை போல மெலிந்தும் அறுந்து வீழ்ந்தது. கைவேலை பல அறிந்தோம் என்னும் செருக்கு அத்துடன் அடங்கிற்று. பாட்டியர் பேசிக்கொண்டே செய்த இவ்வேலையை நம்மவர் எப்பொழுது மறந்தனர்? மீளக் கற்க முயன்றவர் பட்ட பாடு என்ன? இவ்விரு வினாக்களே இக்கட்டுரைக்குக் காரணம்.

தமிழர்க்கு நூற்பு புதிதன்று. பருத்தி நூற்கும் பெண்டிரைப் புறநானூறு காட்டுகிறது. ஆடவர் துணையற்ற மகளிர் தம் முயற்சியால் நுண்ணிய நூல் நூற்றதை நற்றிணை கூறுகிறது. அன்றும் கைம்பெண்களுக்கு வாழ்வளித்தது இத்தொழிலே என்பது இதனால் விளங்கும். நன்னூல் ஆசிரியர் பவணந்தியார் இன்னும் ஒருபடி மேலே சென்றார். சொல்லைப் பஞ்சாகவும், புலவனை நூற்கும் மங்கையாகவும், அவன் வாயைக் கையாகவும், மதியைக் கதிராகவும் உருவகம் செய்தார். யாம் மாணவப் பருவத்தில் இதனை மனப்பாடம் செய்தோமேயன்றிப் பொருளுணர்ந்தோமில்லை. தக்ளியின் கதிர் கையில் நில்லாமல் ஆடியபொழுதுதான், மதியைக் கதிரென்றதன் நுட்பம் புலப்பட்டது. கதிர் ஆடினால் நூல் கெடும், அவ்வளவே.

இங்குக் கருதத் தக்கது ஒன்றுண்டு. இராட்டை நம் நாட்டில் மிகத் தொன்மையானது என்று பலர் எண்ணுகின்றனர். ஆயின் அதனைத் தெளிவாகக் குறிக்கும் பழஞ்சான்றுகளுள் ஒன்று, 1350-ஆம் ஆண்டளவில் இசாமி என்பார் பாரசீக மொழியில் இயற்றிய வரலாற்றுக் காவியமாகும். அதற்கு முன்னர் நூற்றவர் பெரும்பாலும் கைக்கதிர் கொண்டே நூற்றிருத்தல் வேண்டும். எம்மை அலைக்கழித்த அச்சிறு கருவியே மூத்தது என்றறிந்தபின் அதன்மேல் எமக்கிருந்த சினம் சற்றுத் தணிந்தது.

நாம் வந்து குடியேறி வாழும் இப்பகுதி நெசவுக்குப் பெயர் பெற்றது. நகரி, புத்தூர், நாராயணவனம் ஆகிய ஊர்களின் தறியோசையை அறியாதார் இலர். காளத்தியில் துணியைக் கடுக்காயும் பாலும் கலந்த நீரில் நனைத்து உலர்த்திப் பின்னரே கலங்காரி ஓவியந் தீட்டுவர். வடக்கே வேங்கடகிரிச் சேலை உண்டு. கீழைக் கடற்கரையில் ஆர்மகானில் 1626-இல் ஆங்கிலக் கம்பெனியார் பண்டகசாலை அமைத்ததும், 1639-இல் பிரான்சிஸ் டே சென்னையை நாடிச் சென்றதும் துணி வாணிகத்தின் பொருட்டே. இத்தனை தறிகளுக்கும் வேண்டிய நூலை இல்லந்தோறும் பெண்டிர் நூற்றளித்தனர். ஒரு தறிக்கு நூல் கொடுக்கப் பலர் நூற்க வேண்டும் என்பதை நினைவிற் கொள்க.

1820-களிலிருந்து இங்கிலாந்து ஆலை நூல் வந்திறங்கிற்று. அது மலிவு, சீரானது, தறியில் எளிதில் அறாதது. நெசவாளர் அதனை ஏற்றனர். அவரைக் குறை கூறுதற்கில்லை. பின்னர் உள்நாட்டிலும் ஆலைகள் எழுந்தன. இவ்வாறு தறி பிழைத்தது, கதிர் மாய்ந்தது. நெசவாளர் துயரைப் பேசிய நூல்கள் பல; ஓசையின்றி வருவாயிழந்த நூற்கும் பெண்டிரைப் பேசியவை மிகச் சில.

இத்தொழிலை மீட்க முன்வந்த காந்தியடிகள் முதலில் இதுபற்றி ஏதும் அறியாதவராகவே இருந்தார் என்பது வியப்புக்குரியது. 'இந்து சுயராச்சியம்' எழுதிய காலத்தில் தறியையோ இராட்டையையோ கண்டதாகத் தமக்கு நினைவில்லை என்று அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். 1915-இல் ஆசிரமம் அமைத்ததும் முதலில் தறிகளையே நிறுவினார். தறி ஓடிற்று, நூலுக்கோ ஆலையை நாட வேண்டியிருந்தது. கையில் வேலையை வைத்துக்கொண்டு நூலுக்கு அலையும் எம் போன்றோர் நிலையே அது! பின்னர்க் கங்காபென் மஜும்தார் என்னும் அம்மையார் தேடித் திரிந்து, பரோடா அரசின் விஜாப்பூரில் பரண்மேல் கிடந்த இராட்டைகளைக் கண்டறிந்தார். நூற்க ஆளிருந்தும் பஞ்சுப் பட்டை இல்லை. முதலில் அதுவும் ஆலையிலிருந்தே வந்தது. அது முறையன்று எனக் கருதி, பஞ்சு கொட்டுவோரையும் தேடிப் பிடித்தனர். ஒரு முடிச்சை அவிழ்க்க மற்றொன்று முளைத்தது.

1924-ஆம் ஆண்டு பெல்காம் காங்கிரசில், உறுப்பினர் சந்தாவாக மாதந்தோறும் 2,000 கஜம் நூல் என்று விதித்தனர். வழக்கறிஞரும் வணிகரும் தம் அலுவல்களுக்கிடையே நூற்க வேண்டியவராயினர். நூற்க இயலாதோர் பிறர் நூற்றதை விலைக்கு வாங்கிச் செலுத்தியதும் உண்டு. எமக்கு அவர்பால் இரக்கமே மிகுகிறது. 1925-இல் அவ்விதி தளர்த்தப்பட்டு, அகில இந்திய சர்க்கா சங்கம் தோன்றிற்று. அவ்வாண்டிலேயே இராசாசி திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் நிறுவினார். வானம் பொய்த்த அவ்வட்டாரச் சிற்றூர்ப் பெண்டிர்க்கு இராட்டை கஞ்சி வார்த்தது. கொள்கை உரைகள் பலவற்றினும் இதனையே யாம் பெரிதாக மதிக்கிறோம்.

ஆயினும் கைந்நூலின் குறை தீர்ந்தபாடில்லை. விரைந்து நூற்கும் இராட்டை வேண்டி, 1929-இல் சர்க்கா சங்கம் ஓரிலட்சம் ரூபாய் பரிசு அறிவித்தது. 1946-இல் சென்னை மாகாணப் பிரதமரான பிரகாசம், புதிய நூற்பாலைக் கதிர்களுக்கு இடந்தராது கதரையே வளர்க்க முற்பட்டார். சித்தூர் அப்பொழுது சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. கடும் எதிர்ப்புக் கிளம்பிற்று. 1947 மார்ச்சில் அவர் ஆட்சியும் முடிந்தது. சீரற்ற நூலைத் தறியில் ஏற்றி நாள்முழுதும் அறுந்த இழைக்கு முடிச்சிட்டால் நெசவாளியின் கூலி என்னாவது என்ற வினாவுக்கு அத்திட்டத்தில் தக்க விடை இருந்ததாக எமக்குத் தோன்றவில்லை.

விடையின் ஒரு பகுதியைத் தந்தவர் தமிழரான ஏகாம்பரநாதன். ஒன்றுக்கு மேற்பட்ட கதிர்களுடன் அவர் அமைத்த இராட்டை, அவர் பெயராலேயே அம்பர் சர்க்கா எனப்பட்டு, 1950-களில் நாடெங்கும் பரவிற்று. இழையை இழுப்பதும் முறுக்குவதும் பொறியின் பணியாயின. கைத்திறன் குறைந்தோரும் சீராக நூற்கலாயினர். இன்றைய கதர் நிலையங்களில் சுழல்பவை பெரும்பாலும் அதன் வழி வந்தவையே. அவற்றுக்குப் பட்டை கதர்க் கிராமத் தொழில் ஆணையத்தின் ஆலைகளிலிருந்து வருகிறது. விஜாப்பூரில் எழுந்த பழைய சிக்கல் இன்னும் முற்றும் அவிழவில்லை.

எம் தக்ளியைப் பற்றியும் கூறிவிடுகிறோம். இப்பொழுது இரண்டு முழம் அறாமல் வருகிறது. குல்லாவைக் கடை நூலிலேயே பின்னி முடித்தோம். அதற்குள் குழந்தைக்கு முடி நன்றாக வளர்ந்துவிட்டது.