மாசி வீதிகள் எப்போது கோட்டைக்குள் வந்தன? – விட்டவாசலை முன்வைத்து

மதுரையில் வழி கேட்டால் திசையும் மாதமும் சேர்ந்தே பதில் வரும்: கீழ மாசி, தெற்காவணி மூலம், மேலச் சித்திரை. கோயிலைச் சுற்றி அடுக்கடுக்காக அமைந்த இவ்வீதிகளை ஒரே காலத்தில், ஒரே திட்டத்தில் எழுந்தவையாகக் கொள்ளும் பழக்கம் ஆய்வாளரிடமும் உண்டு. அதற்குப் பெருந்துணையாக இருப்பது ஜே. எச். நெல்சன் 1868இல் வெளியிட்ட மதுரை பற்றிய நூல். பழைய மதிலையும் அகழியையும் அகற்றிவிட்டு, 72 கொத்தளங்களோடு இரட்டை மதில் கோட்டையை விசுவநாத நாயக்கர் எழுப்பினார் என்கிறார் அவர். பின்வந்தோர் பலரும் இதையே வழிமொழிந்தனர்.

எனக்கு இதில் உடன்பாடில்லை. 72 பாளையங்கள், 72 கொத்தளங்கள் என்னும் பொருத்தம் கோட்டைக் கணக்கைவிட அரசியல் மரபுக்கே நெருக்கமானது. நெல்சன் கையாண்ட சுவடி வரலாறுகள், பல தலைமுறைகளின் பணியை முதல் நாயக்கர் பெயரில் ஏற்றிச் சொல்லும் இயல்புடையவை. பழைய மதில் ஒரே மூச்சில் அகற்றப்பட்டது என்பதைத்தான் முதலில் சோதிக்க வேண்டும்.

சோதிக்க ஒரு சான்று தெருவிலேயே நிற்கிறது. அம்மன் சன்னதிக்குக் கிழக்கே, ஆவணி மூல வீதியை அடுத்துள்ள விட்டவாசலைப் பாண்டியர் கோட்டையின் கிழக்கு வாயில் என்பது ஊர் வழக்கு. இது நாயக்கரின் இரட்டை மதிலில் உள்மதிலுக்கு உரியதாக இருக்கலாமே என்று கேட்கலாம். இருக்க முடியாது. நாயக்கர் மதில் வெளி வீதிகளை ஒட்டி நின்றது. அந்த எல்லைக்கும் விட்டவாசலுக்கும் நடுவே மாசி வீதி கிடக்கிறது. இரட்டை மதில்களுக்கிடையே அவ்வளவு பெரிய குடியிருப்பு இருந்திருக்கும் என்று கொள்ள இடமில்லை. ஆகவே இவ்வாயில் சிறிய, முந்தைய கோட்டை ஒன்றன் எச்சம். அந்தக் கோட்டைக்கு மாசி வீதிகள் புறநகர்.

வாயிலின் காலத்தை நூற்றாண்டு அளவில்கூட நான் அறுதியிடவில்லை. பாண்டியர் காலம் என்பதற்கு ஊர் வழக்கு மட்டுமே போதாது. ஆனால் அது நாயக்கரின் வெளிமதிலுக்கு முற்பட்டது என்னும் முடிவு அந்தக் காலக்கணிப்பைச் சார்ந்ததன்று. புதிய மதில் எழுந்த பிறகும் பழைய வாயில் நின்றதால், பழைய அரண் பகுதி பகுதியாகவே கலைந்திருக்க வேண்டும்.

மாசி வீதிகளின் இன்றைய தகுதி திருமலை நாயக்கர் காலத்தில் உறுதிப்பட்டது என்பது என் கருத்து. அவர் மாசி விழாவைச் சித்திரைக்கு மாற்றி அழகர் விழாவோடு இணைத்தார் என்பது மரபு. சித்திரைத் தேர் இன்றும் சித்திரை வீதியில் அல்ல, மாசி வீதிகளில்தான் ஓடுகிறது. மாதம் மாறிய பின்னும் வீதி பழைய பெயரைக் காத்துவருகிறது. எனினும் இது துணைச்சான்று மட்டுமே. வீதிகள் அகலமான ஆண்டை இதிலிருந்து பெற இயலாது.

வெளி அடுக்கின் வரலாறு தெளிவானது. 19ஆம் நூற்றாண்டில் கலெக்டர் பிளாக்பர்ன், மதிலை இடித்து அகழியைத் தூர்ப்பவர்களுக்கே அந்த நிலத்தைக் கொடுத்தார். அப்பணியில் ஈடுபட்ட மாரட், பெருமாள் மேஸ்திரி ஆகியோரின் பெயர்கள் மாசி வீதிக்கும் வெளி வீதிக்கும் இடையே தெருக்களாக நிலைத்தன. நாயக்கர் மதில் இருந்த எல்லையிலேயே இன்றைய வெளி வீதிகள் அமைந்தன.

மதுரைத் தெருக்களை இனி ஆராய்வோர் விட்டவாசலின் அடித்தளத்தையும் கற்கட்டையும் நாயக்கர் மதிலின் எஞ்சிய பகுதிகளோடு ஒப்பிட்டு அளந்து வெளியிட வேண்டும். அதுவரை நெல்சனின் கூற்றை முடிந்த முடிபாக எடுத்தாளக் கூடாது.