மணலும் புளியமுத்தும்: பொருநைக் கரையில் கைவழிக் கல்வியின் கதை

இளங்கலைத் தமிழ் மாணவர்களுக்கு ஒருமுறை எண்சுவடியைப் பற்றிப் பாடம் நடத்தவேண்டியிருந்தது. கால், அரை, முக்கால் வரை வகுப்பு தடையின்றிச் சென்றது. அரைக்கால், மாகாணி என்ற சொற்கள் வந்ததும் முகங்கள் வாடின. கரும்பலகையில் பின்னங்களாக எழுதிக் காட்டினோம், பயனில்லை. மறுநாள், வீட்டுப் பரணில் கிடந்த நாழி, உரி, உழக்கு, ஆழாக்கு ஆகிய நான்கு அளவைகளையும் ஒரு பை ஆற்றுமணலையும் எடுத்துச்சென்று மேசைமேல் வைத்தோம்.

இருபது வயது மாணவர்கள் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளைப் போல் ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு அளந்து பார்த்தார்கள். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு நாழி. அப்படியானால் நாழியில் உரி அரை, உழக்கு கால், ஆழாக்கு அரைக்கால். காலில் அரைதான் அரைக்கால் என்பதை அந்தச் சொல்லே இத்தனை நாளும் சொல்லிக்கொண்டிருந்தது. கை அளந்த பிறகுதான் காது அதைக் கேட்டது.

வகுப்பு முடிந்ததும் ஒரு மாணவி எம்மிடம் வந்தார். “ஐயா, திண்ணைப் பள்ளியில் இப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள் என்கிறீர்கள். எங்கள் பாட்டனாருக்குப் பாட்டனாரை அந்தத் திண்ணையில் ஏறவிட்டிருப்பார்களா?” என்று கேட்டார். அப்போது எம்மால் உடனே விடை கூற இயலவில்லை. சிறு பிள்ளைகளுக்குக் கைவழியே கற்பிக்கும் கலை நம் நெல்லைச் சீமையில் நடந்துவந்த பாதையை அந்த வினாவைக் கையில் பிடித்துக்கொண்டே இங்குக் காண்போம்.

மணலில் தொடங்கிய எழுத்து

திண்ணைப் பள்ளி என்பது வாத்தியார் வீட்டுத் திண்ணையிலோ, மண்டபத்திலோ, மரத்தடியிலோ நடந்த ஓராசிரியர் பள்ளி. புதிதாகச் சேர்ந்த பிள்ளைக்கு ஏடும் எழுத்தாணியும் உடனே கிடைக்கமாட்டா. தரையில் மணலைப் பரப்பி, அப்பிள்ளையின் சுட்டுவிரலைப் பிடித்து எழுத்தின் வடிவை வரைவிப்பார்கள். வரையும்போதே அதன் ஒலியை உரக்கச் சொல்லவேண்டும். விரல், கண், வாய், காது ஆகிய நான்கும் ஒரே எழுத்தில் ஒன்றுகூடும்.

இம்முறையில் நுட்பமான ஓர் உண்மை உண்டு. மணலில் செய்த பிழையை உள்ளங்கையால் தடவினால் அடையாளமின்றி மறைந்துவிடும். ஓலையில் எழுத்தாணி கீறிய பிழை அவ்வாறு மறையாது. பிழை செய்து பழகும் பருவத்திற்கு மணல், கை தேர்ந்த பருவத்திற்கு ஓலை என்ற வரிசை குழந்தையின் இயல்பை அறிந்தோர் வகுத்ததாகவே தோன்றுகிறது. ஓலைக்கு வந்த பிறகும் கைக்கு வேலை ஓயவில்லை. கீறிய எழுத்துத் துலங்குவதற்காகக் கரியும் கோவையிலைச் சாறும் தடவவேண்டும்.

எண்ணும் அளவையும் இந்த ஆற்றுவெளியில் வெறும் ஏட்டுக் கல்வியாக இருந்ததில்லை. கார், பிசானம் என இரு போகம் விளையும் நாடு இது. ஆற்றின் குறுக்கே கோடைமேலழகியான் தொடங்கித் திருவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள் நிற்கின்றன. நிலத்தின் பரப்பையே விதைநெல்லின் அளவால் ‘கோட்டை விதைப்பாடு’ என்று குறித்த சீமை. வாரம் பிரிப்பதற்கும், கோயில் நெல்லுக்குக் கணக்கு வைப்பதற்கும் பின்னம் தெரிந்தாகவேண்டும். ஒன்றை முந்நூற்றிருபது கூறாக்கிய முந்திரி வரை பிள்ளைகள் வாய்ப்பாடாக ஒப்பித்ததன் காரணம் இதுவே. நெல்லிலக்கம் என்று ஒரு வாய்ப்பாட்டுக்கே பெயர் இருந்தது.

நினைவாற்றலுக்கும் விளையாட்டுப் போன்ற பயிற்சிகள் இருந்தன. காவிரிக் கரையில் பயின்ற உ.வே. சாமிநாதையர் ‘என் சரித்திர’த்தில் ஒன்றைக் குறிப்பிடுகிறார். மாலையில் பள்ளி கலையும்போது ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பூ, ஒரு பறவை, ஓர் ஊர் ஆகியவற்றின் பெயரைச் சொல்லி அனுப்புவார். மறுநாள் காலை மறவாமல் அவற்றைத் திருப்பிச் சொல்லவேண்டும். இன்றைய ஆசிரியரும் காசு செலவின்றி நாளையே செய்து பார்க்கத் தக்க பயிற்சி இது.

இனி, நாணயத்தின் மறுபக்கத்தையும் பார்ப்போம். அதே திண்ணையில்தான் பிரம்பும் இருந்தது. பிள்ளையைக் கயிற்றில் தொங்கவிடும் கோதண்டம் என்ற கொடுந்தண்டனையும் இருந்தது. ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் ஆணையிட்டுத் திரட்டிய கணக்கு 1826இல் தொகுக்கப்பெற்றது. சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள் என்கிறது அது. மக்கள்தொகையோ 1,28,50,941. ஏறத்தாழ 68 பேருக்கு ஒருவர் பள்ளியில் இருந்தார். பல சாதிச் சிறுவர்கள் அக்கணக்கில் இடம்பெற்றிருப்பது உண்மை. ஆயினும் பெண்பிள்ளைகள் மிகச் சிலரே. ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்கு அந்த மணல் பெரும்பாலும் எட்டாத மணலாகவே இருந்தது. எம் மாணவி கேட்ட வினாவுக்கு முதல் விடை இங்கேயே கிடைத்துவிடுகிறது.

கடல் கடந்த மணல்

இதே மணல் இங்கிலாந்துக்குச் சென்ற கதை சுவையானது. ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1789இல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆண்பிள்ளைகளுக்கான காப்பகப் பள்ளியின் பொறுப்பை ஏற்றார். ஒருநாள் காலையில் குதிரைமேல் செல்லும்போது, நாட்டுப் பள்ளியொன்றில் பிள்ளைகள் தரையிலிருந்து மணலில் எழுதுவதைக் கண்டார். அதைத் தம் பள்ளியில் புகுத்த முயன்றபோது அங்கிருந்த ஆசிரியர் ஒத்துழைக்கவில்லை. ஜான் ஃப்ரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனை அழைத்து, சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கு மணலில் எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பை பெல் அவனிடம் ஒப்படைத்தார். முயற்சி வென்றது.

மாணவனே மாணவனுக்குக் கற்பிக்கும் வழக்கம் நமக்குப் புதிதன்று. திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளை செய்துவந்த வேலைதான் அது. பெல் தாயகம் திரும்பி 1797இல் தம் சோதனையை நூலாக வெளியிட்டார். ‘சென்னை முறை’ என்ற பெயரோடு அது இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளிகளில் பரவியது. செலவு குறைவு, ஒரே ஆசிரியரால் நூற்றுக்கணக்கானோரை நடத்தலாம் என்பவையே அங்கு அதன் பெருமைகளாயின. விரலின் நுட்பம் பின்தள்ளப்பட்டு, சிக்கனம் முன்னுக்கு வந்தது. கைவழிக் கல்விக்கு நேரும் விபத்துகளுள் இது முதலாவது.

பாளையங்கோட்டையின் விரல்கள்

நெல்லைச் சீமையில் திண்ணைக்கு வெளியே நின்றவர்களுக்குக் கதவு திறந்ததில் மிஷன் பள்ளிகளின் பங்கு பெரிது. 1820இல் ரேனியஸ் பாளையங்கோட்டைக்கு வந்தபின் ஊர்தோறும் பள்ளிகள் பெருகின. சாதி வேற்றுமை அவற்றால் ஒரே நாளில் மறைந்துவிடவில்லை. ஆயினும் பனையேறும் குடும்பத்துப் பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் எழுத்தைத் தொட்டார்கள்.

ஆற்றுவெளிக்குத் தெற்கே, தேரி மணல் சூழ்ந்த இடையன்குடியில், கால்டுவெல்லின் துணைவியார் எலிசா பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தி, எழுத்தோடு சரிகை போன்ற நுண்ணிய நூற்பின்னல் வேலையும் கற்பித்தார். அப்பின்னல் விலைபோனது, பெண்களின் கையில் காசு புழங்கியது. இது நன்மையே. எனினும் கைவேலை இங்கே அறிவுக்கு வழியாக மட்டுமன்றிப் பிழைப்புக்கு வழியாகவும் ஆகிவிட்டதைக் குறித்துக்கொள்ளவேண்டும்.

1890இல் பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோருக்கான பள்ளியைத் தொடங்கினார். அங்கே விரலே கண்ணாயிற்று. தொட்டுக் கற்பது மற்றப் பள்ளிகளில் ஓர் உத்தி. இங்கோ அதுவே வாழ்வு. ‘கையால் கற்பது மந்தபுத்திக்காரர்களுக்கு’ என்று இன்றும் ஏளனம் பேசுவோர் ஒருமுறையேனும் இப்பள்ளியின் வரலாற்றை எண்ணிப்பார்த்தல் நலம்.

கைத்தொழிலும் குலத்தொழிலும்

1937இல் வார்தா மாநாட்டில் காந்தியடிகளின் ஆதாரக் கல்வி உருப்பெற்றது. நூற்பு முதலிய கைத்தொழிலின் வழியாகவே எல்லாப் பாடங்களையும் கற்பிப்பது அதன் நோக்கம். தக்ளியில் நூற்ற நூலை அளப்பதில் கணக்கும், பருத்தி வந்த வழியைக் கேட்பதில் நிலவியலும் அடங்கும். இரண்டாண்டு கழித்து, 1939இல், மரியா மாண்டிசோரி அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தார். உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளைப் பிள்ளையின் விரல் தடவிப் பழகுவது அவரது முறை. தமிழ்நாட்டு ஆசிரியர்களுக்கு அது முற்றிலும் அயலாகத் தோன்றியிருக்க வழியில்லை. மணல் ஒட்டுத்தாளில் ஏறி வந்திருந்தது, அவ்வளவே.

பின்னர் வந்தது 1953. முதலமைச்சர் இராசாசி ஊரகத் தொடக்கப் பள்ளிகளில் வகுப்பு நேரத்தை நாளொன்றுக்கு மூன்று மணியாகச் சுருக்கினார். எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகலாம் என்பது திட்டம். இதைக் குலக்கல்வி என்று சாடிப் பெரியார் பெரும் போராட்டம் நடத்தினார். 1954 ஏப்ரலில் காமராசர் முதலமைச்சரானார். மே மாதத்தில் திட்டம் கைவிடப்பட்டது. எதிர்த்தவர்கள் கைவேலையை எதிர்க்கவில்லை. பனையேறியின் மகன் பனைக்கும், குயவர் மகன் சக்கரத்துக்கும் திரும்பவேண்டும் என்ற ஏற்பாட்டையே எதிர்த்தார்கள். களிமண்ணை எல்லாப் பிள்ளைகளும் பிசைந்தால் அது கல்வி. குயவர் பிள்ளை மட்டும் பிசைந்தால் அது விதிப்பு. இவ்வேறுபாட்டை நம் மக்கள் மிகத் தெளிவாகவே உணர்ந்திருந்தார்கள்.

1956இல் அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தின் எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டம் தொடங்கப்பெற்றதையும் இவ்வரிசையில் வைத்தே பார்க்கவேண்டும். பசித்த கை விளையாடாது.

புளியமுத்துக் கணக்கு

நாம் ஒன்றாம் வகுப்புப் படித்தது எண்பதுகளின் நடுப்பகுதியில், ஆற்றங்கரைச் சிற்றூர் ஒன்றில். எங்கள் ஆசிரியை, ஆளுக்கு ஒரு கைப்பிடி புளியமுத்தும் பத்து வாரியல் ஈர்க்கும் கொண்டுவரச் சொல்வார். பத்து ஈர்க்கைச் சேர்த்து வாழைநாரால் கட்டினால் ஒரு கட்டு. முப்பத்திரண்டு என்றால் மூன்று கட்டும் இரண்டு உதிரியும். அதில் ஐந்தைக் கழிக்கச் சொல்வார். உதிரியில் இரண்டுதானே இருக்கிறது என்று நாங்கள் விழிப்போம். “கட்டை அவிழுங்க பிள்ளைகளா” என்பார். கடன் வாங்கிக் கழித்தல் என்று பிற்காலத்தில் புத்தகம் சொன்னது அந்தக் கட்டவிழ்ப்பைத்தான்.

மழை நாளில் பல்லாங்குழி. பதினான்கு குழி, குழிக்கு ஐந்து முத்து, ஆக எழுபது. எந்தக் குழியிலிருந்து எடுத்தால் கடைசி முத்து எங்கே விழும் என்று முன்கூட்டியே சொல்பவருக்குக் கைதட்டல். அம்பாசமுத்திரத்துக் கடைசல் மரச்சொப்புகளை வீட்டிலிருந்து கொண்டுவந்த பிள்ளை அன்றைக்குக் கடைக்காரர். அந்த அறையில் யார் வீட்டுப் பிள்ளை என்ற கேள்வி எழுந்ததில்லை. புளியமுத்து எல்லார் வீட்டிலும் இருந்தது.

2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில், அப்போதைய ஆணையர் எம்.பி. விஜயகுமார் முயற்சியால் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. ஆந்திரத்து ரிஷிவேலிப் பள்ளியின் முறையே அதற்கு முன்மாதிரி. 2007ஆம் ஆண்டுவாக்கில் தமிழகம் முழுதும் பரவி நம் நெல்லைப் பள்ளிகளுக்கும் வந்தது. பாய்விரித்த வகுப்பறை, அட்டைகள், ஏணிப்படி, குழந்தையின் உயரத்திற்குத் தாழ்ந்த கரும்பலகை என வகுப்பறையின் தோற்றமே மாறியது. பிள்ளை தன் வேகத்தில் படியேறலாம். புத்தகம் எங்கே என்று கேட்ட பெற்றோரும் உண்டு. இரண்டே ஆசிரியர் உள்ள பள்ளிகளில் அட்டைகளை அடுக்கிவைப்பதே பெரும்பாடாக இருந்ததும் உண்டு. பெருந்தொற்றுக்குப் பின் 2022 சூனில் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. பிள்ளைகளின் நிலைகளுக்கு அரும்பு, மொட்டு, மலர் என்று அதில் பெயரிட்டிருக்கிறார்கள். எந்த நிலையும் இழிவில்லை என்பதை அப்பெயர்களே உணர்த்துகின்றன.

திட்டங்களின் பெயர் மாறலாம். நாம் கேட்கவேண்டியவை மூன்று. எல்லாப் பிள்ளைகளும் அந்த மணலைத் தொடுகிறார்களா? கைவேலை பிள்ளையைப் பிறந்த இடத்திலேயே கட்டிப்போடுகிறதா, அவிழ்த்துவிடுகிறதா? கட்டை அவிழ்க்கும்வரை காத்திருக்க ஆசிரியருக்கு நேரம் உண்டா? முதல் இரண்டுக்கும் நல்ல விடை கிடைப்பதற்கு நமக்கு நூற்றைம்பது ஆண்டு பிடித்தது. மூன்றாவது வினா, பதிவேடுகளை நிரப்பிக்கொண்டிருக்கும் ஆசிரியர்களின் மேசைமீது இன்றும் விடையின்றிக் கிடக்கிறது.

அந்த மாணவியிடம் இவற்றையெல்லாம் பின்னர் ஒருநாள் சொன்னோம். சற்றுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அந்த உழக்கை ஒரு வாரம் கடனாகத் தருவீர்களா ஐயா? எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு மாலையில் வகுப்பு எடுக்கிறேன்” என்றார். நான்கு அளவைகளையும் கொடுத்தனுப்பினோம். வாரம் பல கடந்துவிட்டது. இன்னும் திரும்பி வரவில்லை, நாமும் கேட்கவில்லை.