காற்றும் பெற்றோலும் கலக்குமிடம்

பெற்றோல் திரவமாக இருக்கும்வரை எஞ்சினுக்குப் பயன்படாது. காற்றோடு கலந்த பின்னரே அது எரிந்து வேலை செய்யும். நிறையளவிற் கூறுவதாயின், ஒரு பங்கு பெற்றோலுக்கு ஏறத்தாழப் 15 பங்கு காற்று வேண்டும். இந்தக் கணக்கைக் காப்பதற்கு அமைந்த சிறு கருவியே காபுரேற்றர். நெடுநாள் ஓடாது நின்ற பழைய மோட்டார் சைக்கிள் எத்துணை உதைத்தும் உயிர்பெறாவிடின், இக்கருவியின் துளைகளையே முதலிற் சந்தேகித்தல் வேண்டும். நின்ற பெற்றோல் ஆவியாகிப் போக, எஞ்சிய பிசின் அத்துளைகளை அடைத்திருக்கும். அவற்றைத் துப்புரவாக்க முனைவோர், அவை ஏன் அமைந்தன என்பதையும் அறிந்திருத்தல் நன்று.

1885ஆம் ஆண்டில் ஜேர்மனியில் டைம்லர், மேய்பாக் என்னும் இருவர் மரச்சட்டத்தில் எஞ்சின் பூட்டிய வண்டியொன்றைச் செய்தனர். முன்னும் பின்னும் இரு சக்கரங்கள். விழாதிருக்கப் பக்கத்துக்கொரு சிறு சக்கரம். கலத்திலிருந்த பெற்றோலைத் தடவிச் சென்ற காற்று, எழுந்த ஆவியை அள்ளிக்கொண்டு எஞ்சினுட் புகுந்தது. இம்முறையில் ஒரு பெருங்குறை இருந்தது. பெற்றோலின் இலேசான பகுதி முதலில் ஆவியாகிவிடும்; கனத்த பகுதி பின்தங்கும். புறப்படும்போதிருந்த கலவை போய்ச் சேரும்போது இராது.

1893இல் மேய்பாக் வேறு வழி கண்டார். காற்று விரைந்து செல்லும் குழாயினுள், நுண்துளை வழியாகப் பெற்றோலைத் தெளிக்கச் செய்தார். அதே ஆண்டில் ஹங்கேரி நாட்டுப் பாங்கி, சோங்கா என்போரும் இத்தகைய கருவிக்குக் காப்புரிமை கோரினர். முந்தியவர் யார் என்ற வழக்கை அவ்விரு நாட்டாருமே தீர்த்துக்கொள்ளட்டும்! நமக்கு வேண்டியது, அன்று பிறந்த துளையும், பெற்றோலின் மட்டத்தைக் காக்கும் மிதவையுமே.

ஆயினும் ஒரு துளை எல்லா வேகத்துக்கும் பொருந்தவில்லை. துளை பெரிதாயின் மெல்லச் செல்லும்போது பெற்றோல் மிகும். சிறிதாயின் விரையும்போது பற்றாது. தொடக்ககால ஓட்டிகள் கைப்பிடியிலிருந்த நெம்புகோலை இடையறாது அசைத்துக் காற்றைக் கூட்டியுங் குறைத்தும் ஓட்டினர். 1927இல் பர்மிங்காமில் மூன்று நிறுவனங்கள் ஒன்றாகி அமல் என்ற பெயர் பெற்றன. அமல் காபுரேற்றர்களில் வேலை பங்கிடப்பட்டது. மெல்லோட்டத்துக்கு ஒரு சிறு துளை; நடுவேகத்துக்கு ஏறியிறங்கும் கூம்பிய ஊசி; முழுவேகத்துக்குப் பெருந்துளை. முன்னர் வெளியே தனித்துத் தொங்கிய மிதவைக் கிண்ணம், 1955இல் வந்த மொனோபிளொக் வகையில் உடலோடு ஒன்றாக வார்க்கப்பட்டது. பி.எஸ்.ஏ., ட்ரையம்ப், நோட்டன் வண்டிகள் பலவற்றில் இதனைக் காணலாம்.

அமலின் பெருந்துளையில் ஓர் எண் பொறிக்கப்பட்டிருக்கும். ஒரு நிமிடத்தில் எத்தனை கன சென்ரிமீற்றர் எரிபொருள் அதன் வழியே செல்லும் என்பதே அவ்வெண்ணின் பொருள். அடைப்பை நீக்குவதாக எண்ணிக் கம்பியாற் குடைபவர் மென்மையான பித்தளையைச் சுரண்டிவிடுகிறார். அதன்பின் எண் 220 ஆகவே இருக்கும். துளை 220 அன்று. கரைதிரவத்தில் ஊறவைத்து, காற்றை எதிர்த்திசையில் ஊதுவதே தக்க முறை. இனி, ஊசி உரசி உரசி அகன்றுபோன துளையை எவ்வளவு கழுவினும் பயனில்லை, மாற்றவே வேண்டும். திரும்பப் பூட்டுகையில் மரைகளை வலிந்து இறுக்குவதும் தீது. காபுரேற்றரின் முகப்பு வளைந்து, கணக்கிற் சேராத காற்று உட்புகும்.

கணக்குத் தெரிந்தவர்களின் அருமை நம் நாட்டிலேயே புலப்பட்டதொரு காலம் உண்டு. 1990 யூனில் போர் மீண்டும் மூண்டபின், வடக்குக்குப் பெற்றோல் செல்வது தடைப்பட்டது. யாழ்ப்பாணத்தார் மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டினர். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் போதிய அளவு ஆவியாகாது. ஆகவே முதலிற் சில துளி பெற்றோலைக் காபுரேற்றருள் விட்டு உதைப்பர். எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய் தொடரும். பேர்கசன் உழவு இயந்திரங்களில் ஒருவகை இவ்வாறே பெற்றோலிற் புறப்பட்டு, சூடேறியபின் மலிந்த எண்ணெய்க்கு மாறும்படி தொழிற்சாலையிலேயே செய்யப்பட்டது. யாழ்ப்பாணத்தில் அதனைச் செய்தது ஒரு சிறு போத்தலும் ஓட்டியின் கையுமே. நோயாளியை ஏற்றிச் செல்பவருக்கு அப்போத்தலில் எஞ்சிய துளிகளே பெருஞ்செல்வம்.

அதற்கு விலையும் உண்டு. எரியாத மண்ணெண்ணெய் எஞ்சின் எண்ணெயிற் கலந்து அதனை நீர்க்கச் செய்யும். பொறிச் செருகியிற் கரி படியும். அக்காலத்து வண்டியொன்றை இன்று வாங்கித் திருத்துவோர், துளையிற் பொறித்த எண்ணை மட்டும் நம்பாது, அதே எண்ணுடைய புதியதொன்றை அருகில் வைத்து, இரண்டையும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பாராக.