சேலம் வக்கீலும் மட்டாஞ்சேரி பெஞ்சும்

தேவராவில் குடியிருந்த காலத்தில் ஊரிலிருந்து யார் வந்தாலும் வெண்டுருத்தி பாலம் தாண்டி மட்டாஞ்சேரிக்குக் கூட்டிக்கொண்டு போவது என் வேலை. பரதேசி யூதர்களின் ஜெபக்கூடம் 1568ல் கட்டியது. எல்லோரும் அங்கே சீன டைல்ஸைத்தான் குனிந்து பார்ப்பார்கள். நானும் அப்படித்தான். இந்தக் குடும்பங்கள் எங்கிருந்து வந்தன என்று தேடிப் படித்தது ரொம்பப் பிறகு.

ஆதாரங்கள் ஆச்சரியப்படும் அளவுக்கு இருக்கின்றன. கி.பி. 1000 வாக்கில் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் ஜோசப் ரப்பானுக்குக் கொடுத்த செப்பேடு, நம்ம வட்டெழுத்தில். சேந்தமங்கலத்தில் 1269ஆம் ஆண்டு எபிரேயக் கல்லறைக் கல் ஒன்று. 1686ல் ஆம்ஸ்டர்டாமிலிருந்து வந்த மோசே பெரைரா டி பைவா, பரதேசிக் குடும்பத் தலைவர்களின் பூர்வீகத்தையே எழுதி வைத்துவிட்டுப் போனார். டச்சுக் கம்பெனியின் பெரிய வியாபாரி எசக்கியேல் ரஹபியின் குடும்பம் அலெப்போவிலிருந்து வந்தது. இந்த மாதிரி வீட்டில் பிறந்தவருக்கு வேர் தேடுவது சுலபம்.

சரி, பட்டியலில் பெயர் இல்லாதவர்கள்?

அந்த வீடுகளில் அடிமைகளாக இருந்து யூதர்களாக மாறி, பிறகு விடுதலை பெற்றவர்களின் வம்சம் ஒன்று உண்டு. மெஷுஹ்ராரிம் என்பார்கள். விடுவிக்கப்பட்டவர்கள் என்று அர்த்தம். இவர்களுடைய கொச்சி முன்னோர் பற்றி 1520 வாக்கிலேயே கெய்ரோவுக்குக் கேள்வி போனது. முறைப்படி சேர்த்துக்கொண்டால் யூதர்கள்தான், பெண் கொடுத்து எடுக்கலாம் என்று ராபி டேவிட் இப்னு சிம்ரா பதில் எழுதினார். தீர்ப்பு வந்தது, மனசு வரவில்லை. நானூறு வருஷம் கழித்தும் இவர்களுக்கு உள்ளே பெஞ்சில் இடம் கிடையாது. (நம்ம ஊர் கோயில் வாசல் ஞாபகம் வருகிறதா?)

அந்த வம்சத்தில் 1882ல் பிறந்தவர் ஆபிரகாம் பராக் சேலம். நம்ம மாம்பழ சேலம் இல்லை, குடும்பப் பெயரே அது :-) மதராஸில் சட்டம் படித்து வக்கீலானார், கொச்சி சட்டசபையில் உட்கார்ந்தார். ஜெபக்கூடத்தில் மட்டும் உட்கார முடியாது! காந்தியின் வழியில் உள்ளேயே சத்தியாகிரகம் செய்தார். யூத காந்தி என்றே பெயர் வாங்கினார். தடைகள் மெள்ள மெள்ளத் தளர்ந்தன. ஆனாலும் 1950ல் அவர் மகன் ஒரு பரதேசி வீட்டுப் பெண்ணைக் கட்டியபோது கல்யாணம் பம்பாயில்தான் நடந்தது.

2016ல் வந்த மரபணு ஆய்வு ஒன்று, கொச்சி யூதர்களிடம் யூத வம்சாவளியும் இந்திய வம்சாவளியும் கலந்தே இருப்பதாகச் சொல்கிறது. சேலம் 1967லேயே போய்விட்டார், இதைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. பெரும்பாலோர் இஸ்ரேல் போய்விட்டார்கள். பரதேசிச் சமூகத்தின் கடைசிப் பெண்மணியும் 2024ல் காலமானார்.

யூதத் தெருவில் கலைப்பொருள் கடைகளின் போர்டைப் பாருங்கள், விலாசத்தில் ஏ.பி.சேலம் ரோடு என்று இருக்கும். அத்தனை தடவை அந்த வழியாகப் போயும் நான் கவனித்ததே இல்லை.