வீரன் விலகும் வேளை

முப்பத்தைந்து ஆண்டுகள் பள்ளிக்குச் சைக்கிளிலேயே சென்று வந்தவன் நான். அதனாற்போலும், சைக்கிள் பந்தய வீரர்களின் வரலாற்றில் எனக்கு என்றும் ஒரு பற்று உண்டு. அவர்கள் பெற்ற வெற்றிகளைக் காட்டிலும், உடல் தளரத் தொடங்கிய பின் அவர்கள் நடந்துகொண்ட முறையே எனக்குப் பெரும் பாடமாகத் தோன்றுகிறது.

நெடுஞ்சாலைப் பந்தயம் தனியொருவன் ஓட்டமன்று. முன்னே செல்பவன் காற்றை எதிர்த்து உழைக்கிறான். அவன் பின்னே ஒட்டிச் செல்பவனுக்கு உழைப்பு வெகுவாகக் குறைகிறது. ஆகவே குழுவினர் முறைமாறி முன்சென்று தம் தலைவனின் வலிமையைக் காக்கின்றனர். நேற்றுவரை தலைவனாயிருந்தவனுக்கும் ஒருநாள் இத்தொண்டு வந்து சேரும். அப்பொழுது அவன் என் செய்தல் வேண்டும்?

இத்தாலியின் ஜீனோ பார்த்தாலி 1914இல் பிறந்தவர். 1940ஆம் ஆண்டு இத்தாலியச் சுற்றுப் பந்தயத்தில் அவரே குழுத் தலைவர். தொடக்கத்திலேயே நாய் ஒன்று குறுக்கிட, விழுந்து காயமுற்றார். துணைவீரராக வந்த ஃபாஸ்டோ கோப்பி என்னும் இருபது வயது இளைஞர் முன்னணிக்கு வந்தார். பார்த்தாலி மலைப்பாதையில் அவருக்குத் துணை நின்றார், கோப்பி வென்றார். பின்னர் இருவரும் கடும் போட்டியாளராயினர். நாடே இரு கட்சியாகப் பிரிந்தது. 1938இல் பிரெஞ்சுச் சுற்றுப் பந்தயத்தை வென்ற பார்த்தாலி, பத்தாண்டுகளுக்குப் பின் 1948இல், முப்பத்து நான்காம் வயதில் அதனை மீண்டும் வென்றார். 1952இல் அதே பந்தயத்தில் கோப்பியின் சக்கரம் பழுதானபோது, தம் சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்தவரும் இந்தப் பார்த்தாலியே. கோப்பி முதலிடம் பெற்றார். பார்த்தாலிக்குக் கிடைத்தது நான்காமிடம். அதனைத் தோல்வி என்று கூற என் மனம் ஒப்பவில்லை. நாற்பது வயதளவில் பந்தயத்தை விட்ட அவர், பிறகு ஒரு குழுவை நடத்தும் பொறுப்பை ஏற்றார்.

கோப்பியின் கதை வேறு. 1953இல் உலக வீரர் பட்டம் பெற்ற அவர், 1955இல் இத்தாலியச் சுற்றை வெறும் 13 விநாடிகளில் இழந்தார். அதன்பின் வலிமை குன்றியது, எலும்பும் முறிந்தது. ஆயினும் அவர் விலகவில்லை. 1960இல் பார்த்தாலி நடத்திய குழுவில் ஓட இருந்தார். அதற்குள், 1959 டிசம்பரில் ஆப்பிரிக்காவின் மேல் வோல்ட்டாவுக்குச் சென்று திரும்பியவரை மலேரியாக் காய்ச்சல் பற்றியது. மருத்துவர்கள் நோயை உணரவில்லை. 1960 ஜனவரி 2ஆம் நாள், நாற்பது வயதில் காலமானார். பழைய போட்டியாளர்கள் ஒரே குழுவில் இணையும் காட்சியை உலகம் காணவில்லை.

பிரான்சின் பெர்னார் ஈனோ ஐந்து முறை பிரெஞ்சுச் சுற்றை வென்றவர். 1985இல் தமக்குத் துணை நின்ற அமெரிக்க இளைஞர் கிரெக் லெமாண்டுக்கு மறு ஆண்டு தாம் உதவுவதாக வாக்களித்தார். ஆனால் 1986இல் அவரையே முந்த முனைந்தார். இறுதியில் லெமாண்டே வென்றார். எனினும், முன்னரே அறிவித்தபடி முப்பத்திரண்டாம் வயதில் ஈனோ விலகிப் பிரிட்டனிப் பகுதியில் வேளாண்மைக்குச் சென்றார். விலகும் நாளைக் குறிப்பது எளிது; இடம் கொடுப்பதே அரிது என்பதை இதனால் அறிகிறோம்.

இதை நான் பிறரைக் குறை கூறச் சொல்லவில்லை. ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டில், பத்தாம் வகுப்புக் கணிதத்தை நானே விடாது கற்பித்தேன். என்னினும் நன்றாகக் கற்பிக்கவல்ல இளம் ஆசிரியர் ஒருவர் அருகிலேயே இருந்தார். அவர் பொறுமையுடன் காத்திருந்தார். நான் கொடுக்கத் தவறிய சக்கரம் அது. இன்றும் அது என் நெஞ்சை உறுத்துகிறது.

ஆகவே, வீரன் வலிமை குன்றும்போது உடனே ஓடிவிட வேண்டுவதில்லை. இறுதிவரை முதலிடத்தைப் பற்றிக்கொள்ளவும் வேண்டுவதில்லை. கற்ற வித்தையைக் கொண்டு பின்வருபவனுக்குக் காற்றை மறைத்துச் சில காலம் முன்னே செல்லலாம். தனக்கென வேறொரு தொழிலையும் தேடிக்கொள்ளலாம். இளைஞர்களே, உங்களுக்கும் ஒருநாள் அந்த வேளை வரும். அப்பொழுது நான்காமிடத்தைக் கண்டு நாணாதீர்கள்.